சிவப்புக் கோட்டுக்கு வெளியே

அத்தியாயம் 7

“பெல்ட்டைக் கழட்டுங்க.”

டியூப் இரண்டடி பின்வாங்கினான். “சார், நாங்க விசாரிக்க வந்தவங்க. நீங்க எங்களை விசாரிக்கற மாதிரி இருக்கே?”

இன்ஜினியர் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். “பக்கிள் இரும்பு. சாவி, வாட்ச், செல்போன், பேங்க் கார்டு எல்லாத்தையும் இதுல போடுங்க. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க இரும்பைக் கொண்டு போக முடியாது. அதுதான் உங்களைக் கொண்டு போகும்.”

பயம் வந்தால் டியூப்புக்கு வாய் அதிகமாகும். பெல்ட்டை உருவித் தட்டில் போட்டுவிட்டு, இடது கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டான். “அண்ணி, ஒரு கை இதுக்கே போச்சு. கொலைகாரன் வந்தா மிச்சம் ஒரு கைதான். முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

அண்ணி கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

அவள் அவனுடைய அண்ணன் மனைவி. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். மேலே எழுதியிருப்பதைப் படிக்காமலே, உறையைத் தொட்டுப் பார்த்து இது கல்யாணமா கடனா என்று சொல்லிவிடுவாள். வேலையை விட்டபின் சின்னதாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அவன் பதினைந்து வருஷம் டிவி மெக்கானிக். பெட்டி டிவிகளின் காலம் முடிந்தபோது கடையும் முடிந்தது. அண்ணி கூப்பிட்டாள், வந்துவிட்டான். பிக்சர் டியூப் மாற்றுவதில் கெட்டிக்காரன் என்பதால் டியூப் என்று பேர் வந்தது. வீட்டில் அதற்கு வேறு காரணம் சொல்வார்கள்.

உள்ளே நுழைந்ததும் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

அறை நடுவில் மூன்று கால்களில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு வெள்ளை உருளை நின்றது. பால் தொட்டி மாதிரி இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அதன் தலையிலிருந்து மெல்லிசாக வெண்புகை வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தரையில் சிவப்பு வண்ணத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது. அதற்கு வெளியே மேஜையில் ஒரு பெட்டியில் எண்கள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன.

“அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலைமானி,” என்றார் இன்ஜினியர்.

“மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க சார், நாங்க இருக்கோம்.”

“என்.எம்.ஆர்.னா போதும். ஒரு பொருளோட துளியை இதுக்குள்ள இறக்கினா, உள்ளே எந்த அணு எதோட கைகோத்து நிக்குதுன்னு சொல்லிடும். இது இல்லாம இந்த வேதியியல் துறையில ஒன்பது வருஷமா குருட்டாம்போக்குல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாங்க. சாம்பிளை வெளியூருக்கு அனுப்பி, முடிவு வர மூணு மாசம் காத்துக்கிடந்தாங்க.”

“இப்ப என்ன நடக்குது?” என்றாள் அண்ணி.

“காலையிலேருந்து காந்தத்துக்குள்ள மின்சாரம் ஏத்திட்டிருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். இப்ப முக்கால் பங்கு. சரியா நாலு மணிக்கு முழு பலம் வந்துடும்.”

மணி மூன்று ஐந்து.

அண்ணி பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தாள். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு வந்த மொட்டைக் கடிதங்கள். அதற்காகத்தான் அவர் அண்ணியைக் கூப்பிட்டிருந்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தவை. போன வாரம் வந்த முதல் கடிதம்: *அந்தக் காந்தத்தை உயிர்ப்பிக்காதீர்கள். ஒரு உயிர் போகும்.* மூன்று நாள் கழித்து வந்த இரண்டாவதிலும் அதே வார்த்தைகள். இன்று மத்தியானம் வந்த மூன்றாவதில் இரண்டே சொற்கள்: *யாராவது நிறுத்துங்கள்.*

“நாலு மணிக்கு ஒரு உயிர் போகும்னா, எப்படிப் போகும்?” என்று கேட்டாள்.

இன்ஜினியர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரும்பு பறந்து வந்து தலையில் அடிக்கலாம். காந்தத்தைக் குளிர்விக்க உள்ளே இருக்கும் திரவ ஹீலியம் ஒரேயடியாக ஆவியானால் அறையிலிருக்கும் காற்றைத் துரத்திவிடும், மூச்சு முட்டும். அதற்காகத்தான் சுவரில் ஆக்சிஜனை அளக்கும் ஒரு மீட்டர். “ஆனா இதெல்லாம் கோட்டுக்கு உள்ளேயும் இந்த அறைக்குள்ளேயும்தான். கோட்டுக்கு வெளியே நின்னா ஒண்ணும் ஆகாது. இது கவசம் இல்லாத பழைய மாடல். வேற ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தது. முதல்ல ஆர்டர் போட்ட புது மாடல் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னாங்க. துறைத்தலைவி அம்மா இதுவே போதும்னுட்டாங்க. அதனால கோட்டை இன்னும் தள்ளிப் போட்டிருக்கேன்.”

டியூப் குனிந்து தன் காலைப் பார்த்தான். கட்டைவிரல் கோட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டு சாண் ஆக்கிக்கொண்டான்.

“அந்தத் துறைத்தலைவி எங்கே? இந்நேரம் இங்கே வந்து நிக்க வேணாமா?” என்றாள் அண்ணி.

இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். “அதான் எனக்கும் புரியல. ஒன்பது வருஷம் அலைஞ்சு வாங்கினவங்க. மெஷின் இறங்கின அன்னிக்கு ரோட்டுல நின்னு லாரிக்கு வழி காட்டினாங்க. இன்னிக்கு எட்டிக்கூடப் பாக்கல.”

அண்ணி டியூப்பைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவனுக்கு அர்த்தம் தெரியும்: உடனே மேலே போக வேண்டும், தட்டில் கிடக்கும் பெல்ட்டுக்கு நேரமில்லை.

அன்று லிப்ட் ஓடவில்லை. பக்கத்தில் இரும்புக் கூண்டு ஏறி இறங்கினால் காந்தத்துக்கு ஆகாது என்று நிறுத்தியிருந்தார்கள். அண்ணிக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியாக ஏறினாள்.

துறைத்தலைவி தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, பெரிய கண்ணாடி. மேஜை நிறையத் தாள்கள். மூலையில் பெட்டி மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் திரை கோணிக்கொண்டு, ஓரத்தில் ஊதா நிறம் படர்ந்து இருந்தது.

“நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கக் கூடாதா மேடம்?” என்றான் டியூப். பேச்சில் பயத்தைக் கரைக்கும் முயற்சி.

“பழைய ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. காலையிலேருந்து இப்படி.”

“வயசான டியூப். நாளைக்கு வந்து நாலு தட்டு தட்டித் தர்றேன்.”

அதற்குள் போன் அடித்தது. இடது கையால் எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை வைத்துவிட்டு அதே இடது கையால் போனை எடுத்தார். கையை முகத்துக்குக் குறுக்கே வளைத்து வலது காதில் வைத்துக்கொண்டார். “இல்ல, நான் கீழே வரல. நீங்களே பாத்துக்குங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“கீழே வரலையா மேடம்?” என்றாள் அண்ணி சாதாரணமாக.

“வேலை இருக்கு.”

“ஒன்பது வருஷமா காத்திருந்த வேலையை விடவா?”

துறைத்தலைவி அவளை நேராகப் பார்க்கவில்லை. “கடிதம் எழுதினவனைக் கண்டுபிடிக்கத்தானே வந்தீங்க? அதைப் பாருங்க. மெஷினை மட்டும் யாரும் தொடக் கூடாது.”

வெளியே வந்து கதவை மூடியதும் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“அண்ணி,” டியூப் குரலைத் தாழ்த்தினான். “கீழே குண்டு இருக்குன்னு தெரிஞ்சவங்கதான் மேலே கதவைத் தாழ் போட்டுட்டு உக்காருவாங்க.”

“குண்டுன்னு யார் சொன்னா?”

“என் வயிறு.”

அண்ணி நடந்துகொண்டே முதல் கடிதத்தை அவனிடம் கொடுத்தாள். “இதைப் பிரிக்காம, மடிச்ச மாதிரியே பாரு. என்ன தெரியுது?”

“நாலா மடிச்சிருக்கு. மூலையில ஒரு பொட்டு கிழிஞ்சிருக்கு. எலி கடிச்சிருக்கும்.”

“அதே எலி மூணு கடிதத்தையும் அளவெடுத்தா கடிக்கும்? தாளைப் பாதியா மடிச்சு, இன்னொரு பாதியா மடிச்சு, மேல் மூலையில நகத்தளவு கிள்ளி எடுத்திருக்கு. ஆயிரக்கணக்கான கடிதம் கையில பிடிச்சிருக்கேன். யாரும் இப்படிக் கிள்ளினதில்ல. இது கடிதம் மடிக்கிற கை இல்ல. வேற எதையோ தினம் மடிச்சுப் பழகின கை. அதை யார்கிட்ட கேக்கலாம்?”

எதிர்ப்பக்கக் கட்டடத்தில் ஆய்வகம் இருந்தது. இரண்டு மாணவிகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி தாளைக் காட்டியதும் ஒருத்தி சட்டென்று சொன்னாள். “இது ஃபில்டர் பேப்பர் மடிக்கிற மாதிரி இருக்கே! புனல்ல வைக்கிறதுக்கு. மூலையைக் கிள்ளினா தாள் கண்ணாடியோட ஒட்டி உக்காரும்.”

“நீங்களும் இப்படித்தான் கிள்ளுவீங்களா?”

“நாங்க பம்பு வச்சு இழுத்து வடிகட்டறோம். மடிக்கவே வேண்டாம். இங்கே இன்னும் இப்படி மடிக்கிறது ரெண்டே பேர். மேடம், அப்புறம் புனல் அண்ணன்.”

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல இங்கே சேர்ந்தவங்க,” என்றாள் மற்றவள். “அவங்க அப்ப மாணவி, அவர் ஆய்வக உதவியாளர்.”

டியூப் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒருவர் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மேலே இருக்கிறார். இன்னொருவர் எங்கே?

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னைக் கேட்டீங்களா?”

டியூப் துள்ளியதில் பேன்ட் நழுவப் பார்த்தது.

புனல் அண்ணன் அறுபதை நெருங்கியவர். அமிலம் பட்டுப் பட்டு விரல் நுனிகள் மஞ்சளாகியிருந்தன. அண்ணி அவரிடம் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேஜையில் கலங்கலாக இருந்த ஒரு குடுவையைக் காட்டி, “அண்ணே, இதைக் கொஞ்சம் வடிகட்டிக் காட்ட முடியுமா? நான் பாத்ததேயில்ல,” என்றாள்.

அவருக்கு அது பிடித்திருந்தது. வட்டத் தாள் ஒன்றை எடுத்தார். பாதி, மறுபடி பாதி. பேசிக்கொண்டேதான் செய்தார். கண் தாளில்கூட இல்லை. விரல்கள் தானாக வலது மூலைக்குப் போய் நகத்தளவு கிள்ளி எடுத்தன.

அண்ணி அதன் பக்கத்தில் முதல் கடிதத்தை வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு அருகிலிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் யாரையும் கொல்ல நினைக்கலம்மா.”

“தெரியும். கொல்ல நினைக்கிறவன் முன்கூட்டி எழுத மாட்டான். யாரோட உயிர் போகும்?”

“சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“மணி மூணே முக்கால் ஆகப் போகுது.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “அவங்க கீழே போகாம இருந்தா போதும். நாலு மணி வரைக்கும் நான் காந்த ரூம் கதவுக்கு முன்னால நின்னுக்கறேன். என்னைத் தாண்டி உள்ளே விட மாட்டேன்.”

அண்ணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். “அப்ப நானே சொல்றேன். நீங்க சத்தியத்தைக் காப்பாத்திக்குங்க. எங்க தபால் ஆபீஸ்ல மூணு பேருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருந்தாங்க. இதயம் தடுமாறாம பாத்துக்கற சின்னப் பெட்டி. இடது தோளுக்குக் கீழே தோலுக்குள்ள இருக்கும். டாக்டர் அவங்களுக்குச் சொன்ன முதல் விஷயம், போனை இடது காதுல வைக்காதேன்னு. உங்க மேடம் எல்லாத்தையும் இடது கையால செய்யறாங்க. போனை மட்டும் கையை வளைச்சு வலது காதுக்குக் கொண்டு போறாங்க.”

புனல் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். “நான் சொல்லல. நீங்களே சொன்னீங்க.”

“எப்ப வச்சாங்க?”

“ஆறு மாசம் ஆச்சு. லீவுல. அவங்களுக்கு யாரும் இல்ல. ஆஸ்பத்திரில அண்ணன்னு போட்டு நான்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியே தெரிஞ்சா காந்தத்துக்குப் பொறுப்பா அவங்களை வைக்க மாட்டாங்க. அவங்க பேர்ல வந்த மெஷின், அவங்க இல்லைன்னா வேற இடத்துக்குப் போயிடும்னு பயந்தாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. ஆனா அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியும். முதல் சாம்பிள் உள்ளே இறங்கும்போது அவங்களால மேலே உக்காந்திருக்க முடியாது. ஓடி வந்துடுவாங்க. காந்தம் ஒரு நிமிஷம் அந்தப் பெட்டியைக் குழப்பினா...”



டியூப் ஒரு பெரிய மூச்சை வெளியே விட்டான். “அப்ப பிரச்சினையே இல்லையே! அதனாலதான் தாழ் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. தன்னைத்தானே பூட்டிக்கிட்டாங்க. அந்தக் கட்டடத்துலயே பத்திரமான ஆள் அவங்கதான். அண்ணி, கேஸ் முடிஞ்சது. நாளைக்கு நான் வந்து அந்த ஊதா டியூப்பைத் தட்டிட்டு...”

வாய் பாதியில் நின்றது.

பதினைந்து வருஷம் அவன் கடைக்கு வந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தன. ‘அண்ணாச்சி, டிவி ஓரத்துல ஊதா படருது.’ அவன் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். பக்கத்துல ஸ்பீக்கர் வச்சிருக்கீங்களா? பிக்சர் டியூப்பின் நிறத்தைக் கோணலாக்குவது வேறு எதுவும் இல்லை. காந்தம்தான்.

நேற்று வரை நன்றாக இருந்தது. காலையிலிருந்து இப்படி.

“அண்ணி.” அவன் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் காட்டினான். “அந்த ரூம் எதுக்கு மேலே இருக்கு?”

அண்ணிக்கு ஒரு நொடி ஆனது. பிறகு அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவன் பார்த்தான். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

சுவரில் இருந்த போனை எடுத்து அவளே காந்த அறைக்குப் பேசினாள். “கோடு தரையில போட்டிருக்கீங்க. மேலே எவ்வளவு தூரம் வீசும்?”

அந்தப் பக்கத்து இன்ஜினியர் குரல் எல்லோருக்கும் கேட்டது. “பக்கத்துல வீசறதை விட மேலே அதிகம்தான். முட்டையை நிறுத்தி வச்ச மாதிரி. ஆனா அது பரவாயில்லை, மேல் ரூம் காலி. பிளான்லயே போட்டிருக்கு. பழைய சாமான் ரூம்.”

“காலி இல்ல!” புனல் அண்ணன் கத்தினார். “போன மாசம் அம்மா அங்கே மாறிட்டாங்க. கீழே போக முடியாது, மேலேயாவது இருக்கேன்னு! கோட்டுக்கு வெளியே இருந்தா போதும்னு நம்பினாங்க!”

போனில் ஒரு ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்ஜினியர் குரல் உடைந்து வந்தது. “ஏத்தறதை நிறுத்திட்டேன். ஆனா இப்ப இருக்கற பலம் அப்படியேதான் இருக்கும், மெதுவா இறக்க ரெண்டு மணி நேரம் ஆகும். உடனே வேணும்னா இங்கே அவசர பட்டன் இருக்கு. அழுத்தினா ஹீலியம் முழுக்க வெளியே போயிடும். காந்தமே கெட்டாலும் கெட்டுடும். சொல்லுங்க, அழுத்தவா?”

“அழுத்துங்க!” என்றான் டியூப்.

அண்ணி போனைக் கையால் பொத்தினாள். “வேண்டாம். காந்தத்தைக் கொல்ல வேண்டாம், ஆளை எழுப்பினா போதும். நாற்காலியிலேருந்து இருபதடி தள்ளிக் கூட்டிட்டுப் போகணும். என் கால் ஓடாது. நீ ஓடு.”

“நானா?”

“நீதான்.”

அவன் ஓடினான். பின்னால் புனல் அண்ணன் வரும் சத்தம் கேட்டது. வராந்தா, முற்றம், எதிர்க் கட்டடத்தின் படி. மூன்று மூன்று படியாகத் தாவினான். பேன்ட்டைப் பிடித்த கையை விட்டாயிற்றா, இன்னும் பிடித்திருக்கிறோமா என்று தெரியவில்லை. காதுக்குள் தன் இதயமே தடதடவென்று அடித்தது. அது அடிப்பதைக் கேட்டதும் இன்னொரு இதயத்தின் நினைவு வந்து இன்னும் வேகமாகத் தாவினான்.

கதவை இரண்டு கையாலும் தட்டினான். “மேடம்! கதவைத் திறங்க! அந்த நாற்காலியிலேருந்து எழுந்திருங்க!”

பதில் இல்லை.

“மேடம்!”

உள்ளே ஏதோ உருண்டது. ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு மெல்லிய குரல், “இதோ... வரேன்... முடியல...” என்றது. கனமாக எதுவோ விழுந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை.

டியூப் ஒருமுறை தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. புனல் அண்ணன் வந்து சேர்ந்தார். மூச்சிரைத்தபடி அவரும் தோளைக் கொடுத்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்துகொண்டு கதவு திறந்தது.

மேஜைக்கும் கதவுக்கும் நடுவில் துறைத்தலைவி தரையில் கிடந்தார். கை நெஞ்சைப் பற்றியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. “தாறுமாறா அடிக்குது,” என்றார். “அடிக்குது... நிக்குது... பயத்துலதான்னு நெனச்சேன்.”

அந்த அறையில் எதுவும் பறக்கவில்லை. எதுவும் சுடவில்லை. ஜன்னலில் மாலை வெயில் அழகாக விழுந்திருந்தது. ஊதா படர்ந்த திரை மட்டும் கோணலாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குள் நிற்கிறோம் என்பது டியூப்பின் முதுகுத்தண்டு முழுக்க ஓடியது. இருட்டில் பேயைக் கண்டிருந்தாலும் இப்படிப் பயந்திருக்க மாட்டான்.

அவர் தோள்களைப் புனல் அண்ணனும், கால்களை டியூப்பும் பிடித்தார்கள். வராந்தாவில் பத்தடி, இருபதடி, முப்பதடி. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் கடைசிச் சுவர் வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே தரையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். டியூப் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். நாடி தடுமாறியது. ஒன்று, இரண்டு, ஒரு பள்ளம். ஒன்று, பள்ளம். அவனும் மூச்சை நிறுத்தி எண்ணினான். பிறகு பள்ளம் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சீராக, கடிகாரம் மாதிரி.

“வந்துடுச்சு,” என்றான். அதற்குமேல் ஒரு நகைச்சுவையும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அண்ணி படியேறி வந்து சேரச் சில நிமிஷங்கள் ஆயின. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு துறைத்தலைவிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்து மடித்தபடியே தரையில் வரிசையாக வைத்தாள்.

“அண்ணே, இதுல எத்தனை உங்களுது?”

புனல் அண்ணன் தயங்கினார். “ரெண்டு,” என்று சொன்னவர், துறைத்தலைவியின் முகத்தைப் பார்த்ததும், “இல்ல, மூணும்,” என்றார்.

“ரெண்டுதான். உங்க கை வலது மூலையைக் கிள்ளுது. இந்த மூணாவது இடது மூலையில கிள்ளியிருக்கு. முதல் ரெண்டும் மிரட்டுது. இது கெஞ்சுது.” அண்ணி மூன்றாவது கடிதத்தை எடுத்துத் துறைத்தலைவியின் மடியில் வைத்தாள். “பதிவாளர்கிட்ட நான் குடுக்கப் போறது ரெண்டு கடிதம்தான். இதை நான் பாக்கல.”

துறைத்தலைவி அந்தத் தாளின் கிள்ளிய மூலையை விரலால் தடவினார்.

பதிவாளர் படியேறி வந்தது அப்போதுதான். பின்னால் ஒரு காவலாளி. “என்ன நடக்குது இங்கே? ஏத்தறதை ஏன் நிறுத்தினாங்க? கடிதம் எழுதினவன் கிடைச்சானா?”

“நான்தான் சார்,” புனல் அண்ணன் எழுந்து நின்றார். “மூணும் நான்தான் எழுதினேன்.”

பதிவாளருக்கு முகம் சிவந்தது. “நீயா? இத்தனை வருஷம் இங்கே சம்பளம் வாங்கிட்டு? இவனைக் கீழே கூட்டிட்டுப் போய் உக்கார வை. போலீசுக்குச் சொல்லிடறேன்.”

காவலாளி புனல் அண்ணனின் கையைப் பிடித்தான். டியூப் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியவர் வேறு ஒருவர் என்பதுபோல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரை விடுங்க.” துறைத்தலைவியின் குரல் மெலிந்திருந்தாலும் வராந்தா முழுக்கக் கேட்டது. “அவர் எழுதினது ரெண்டு. எனக்காக எழுதினார். மூணாவது நான் எழுதினது.”

“நீங்களா? உங்க மெஷினை நீங்களே நிறுத்தச் சொன்னீங்களா?”

“என் நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு சார். ஆறு மாசமா மறைச்சேன். இன்னிக்குக் காலையில காந்தம் ஏறத் தொடங்கினதும் நெஞ்சு தடுமாறுச்சு, பயம் வந்துது. சொன்னா மெஷின் போயிடும், சொல்லலைன்னா...” ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினார். “வாயைத் திறந்து சொல்லத் தைரியம் இல்ல. யாராவது நிறுத்தட்டும்னு எழுதி உங்க ஆபீஸ் பெட்டியில போட்டேன்.”

பதிவாளர் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப சொல்லிட்டேன். நாளைக்கு வேற ஒருத்தரைப் பொறுப்புக்குப் போடுங்க. சின்னவங்களா, நல்ல இதயம் இருக்கறவங்களா பாத்துப் போடுங்க. மெஷினை மட்டும் எங்கேயும் அனுப்பிடாதீங்க.” புடவைத் தலைப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துப் பதிவாளரிடம் நீட்டினார். “அந்த ரூமைக் காலி பண்ணிப் பூட்டிடுங்க. அப்புறம் இன்ஜினியரை மிச்சத்தையும் ஏத்தச் சொல்லுங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

பதிவாளர் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு காவலாளியிடம் கையை விடச் சொல்லித் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

“தம்பி,” துறைத்தலைவி மெதுவாகச் சொன்னார். “கையை விடலாம். எனக்கு இப்ப நல்லாருக்கு.”

டியூப் தலையாட்டினான். ஆனால் விடவில்லை. கீழே எண்கள் மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் எண்ணிக்கொண்டே இருந்தான்.